மூன்று கட்டணம், ஒரே வாசல்

வருகிறவர்களே ஜோடி சேர்ந்து வரிசையாக நின்று ஆடும் சமூக நடன நிகழ்ச்சிகளில் வாசல் மேசையில் பணம் வாங்குவதும் வரவு செலவு பார்ப்பதும் சில ஆண்டுகளாக என் பொறுப்பு. கட்டணம் பற்றிப் பேச்சு வந்தாலே, குறைத்தால் கையைக் கடிக்கும் என்று சிலர் சொல்வார்கள், ஏற்றினால் ஆள் வராது என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். அதனால் குறைந்தது, வழக்கமானது, கைகொடுக்க விரும்புவோருக்குக் கூடுதலானது என்று மூன்று கட்டணம் வைத்து, எதைக் கொடுப்பது என்பதை வருகிறவரிடமே விட்டோம்.

அரங்க வாடகை, வாத்தியக்காரர்களின் சம்பளம், அசைவுகளைச் சொல்லி நடத்துபவரின் ஊதியம், ஒலி அமைப்பு எல்லாம் 30 பேர் வந்தாலும் 60 பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதலாக ஒருவர் வருவதால் செலவு ஏறாது. அவர் வராவிட்டால்தான் வரிசையில் ஓரிடம் காலியாகி, இன்னொருவர் ஜோடியில்லாமல் சுவரோரம் நிற்கிறார். பாதிக் கட்டணம் கொடுத்து வருகிறவரால்தான் முழுக் கட்டணம் கொடுத்தவருக்கும் நல்ல நடனம் கிடைக்கிறது. அவருக்கு நாம் ஏதோ தயவு செய்வதாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

வழக்கமான கட்டணத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பேரில் 15 பேர் அரைப் பங்கும் 15 பேர் ஒன்றரைப் பங்கும் கொடுத்தால் மொத்தம் 60 பங்கு வந்துவிடும். அரைப் பங்கு 20 பேர், ஒன்றரைப் பங்கு 10 பேர் என்று ஆனால் 55தான். இந்தத் துண்டு விழும் என்று தெரிந்தே, வழக்கமான கட்டணத்தைத் தலைக்கு ஆகும் செலவைவிடப் பத்து சதவீதம் கூட்டி வைக்கிறோம். செலவை வகுப்பதும் கூட்டம் குறைவாக வரும் நாளின் எண்ணிக்கையால்தான். வாத்தியக்காரர்களின் சம்பளம் முன்பே பேசி முடித்தது. வசூல் குறைந்தால் அவர்கள் தலையில் கட்டுவதில்லை.

ஆனால் கணக்கைவிட வாசலில் நடப்பதுதான் முக்கியம். பல இடங்களில் மாணவர், முதியோர் என்று சலுகை வைக்கிறார்கள். வேலை போன நாற்பது வயதுக்காரர் அதில் எங்கே வருவார்? அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாலே பாதிப் பேர் அடுத்த முறை வரமாட்டார்கள். ஒருநாள் ஒரு பெண் பலகையை இரண்டு முறை படித்துவிட்டு, பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி, “குறைந்ததைக் கொடுக்கலாமாங்க?” என்றார். மேசையில் என்னோடு இருந்த தன்னார்வலர் தலையை நிமிர்த்தாமலே, “எது வசதியோ அதைக் கொடுங்க, வலது பக்கம் செருப்பு மாத்திக்கலாம்” என்றார். ஏன் என்றும் கேட்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். தொகையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அட்டை இயந்திரத்தின் திரை வரிசைக்குத் தெரியக் கூடாது.

விருப்பம்போல் கொடுங்கள் என்று தொகையே எழுதாமல் விடுவதும் எனக்குச் சம்மதமில்லை. விலையை வாங்குபவரிடமே விட்டால், குறைவாகக் கொடுத்து மனம் சங்கடப்படுவதைவிட வாங்காமலே போய்விடுவோம் என்று சிலர் விலகுவதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாசலில் நானும் அதைப் பார்த்திருக்கிறேன். மூன்று தொகையும் எழுதியிருந்தால், குறைந்ததும் நாமே சொன்ன விலையாகிவிடுகிறது. பக்கத்திலேயே தலைக்கு ஆகும் செலவையும் எழுதி வைக்கிறோம். அதைப் பார்த்துக் கூடுதலாகக் கொடுப்பவர்கள் உண்டு.

முன்பதிவு செய்தால் தள்ளுபடி என்ற யோசனை அடிக்கடி வருகிறது. நான் ஒப்புக்கொள்வதில்லை. ஷிப்ட் எப்போது முடியும் என்று கடைசி நிமிடம் வரை தெரியாதவர்தான் பெரும்பாலும் கையில் காசு குறைவாக இருப்பவரும். ஓடிவந்து சேரும் அவரிடம் கூடுதலாக வாங்க முடியாது. முன்பதிவிலும் வாசலிலும் அதே மூன்று தொகைதான்.