வெரலு தெரியலைங்க தம்பி

பிளாஸ்டிங் கேபினெட்டில், அதாவது உலோகப் பாகங்களின் மேல் கிரிட் என்னும் கரகரப்பான துகளைக் காற்றழுத்தத்தால் அடிக்கும் மூடிய பெட்டியில், புதிய கையுறைகளை மாட்டிய மூன்றாம் நாள் அதன் ஆபரேட்டர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "இதுல வெரலு தெரியலைங்க தம்பி." நான் சொன்ன பதிலும் சிறியதுதான்: "புதுசுதானுங்களேண்ணா, பத்து நாள் போட்டாப் பழகிரும்." அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, பெடலை மிதித்தார். ஐந்து வாரம் கழித்து, சிறிய வால்வு டிஸ்க் ஒன்றைப் பிடித்திருந்தபோது, அவருடைய இடது கட்டைவிரலின் உள்பக்கத் தோலை அலுமினா கிரிட் உரித்தது. உரித்ததோடு நிற்காமல் சதைக்குள்ளும் ஏறியது. மரத்துப்போக ஊசி போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துத்தான் மருத்துவர் அதை எடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கையுறையைத் தேர்ந்தெடுத்தவன் நான். அலட்சியமாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் எங்களிடம் இருந்தவை மெல்லிய பிவிசி கையுறைகள். எட்டு நாள், மிஞ்சிப் போனால் பத்து நாளில் ஓட்டை விழும். அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். இடது கை எப்போதும் முதலில் போகும், ஏனென்றால் வலது கை கிரிட் அடிக்கும் துப்பாக்கியைப் பிடிக்க, இடது கைதான் ஜாபை, அதாவது கிரிட் அடிக்க வேண்டிய பாகத்தை, நாசிலுக்கு முன்னால் பிடித்துத் திருப்புகிறது. 80 மெஷ் கிரிட், ஐந்து கிலோ பிரஷர், நாசிலிலிருந்து ஒரு சாண் தூரம். அந்த இடத்தில் ஒரு மனிதனின் விரல் நாள் முழுவதும் இருக்கிறது என்பதை நினைத்துத்தான் நீடித்து உழைக்கும் கையுறை வேண்டும் என்று நானே முன்வந்து பர்ச்சேஸுக்கு இண்டென்ட் போட்டேன்.

இயற்கை ரப்பரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. பிவிசி நாளடைவில் விறைத்துப்போகும். செயற்கை ரப்பர்களான நைட்ரைலும் நியோபிரீனும் எண்ணெய்க்குத் தாங்கும், ஆனால் எங்களுக்கு வரும் ஜாபெல்லாம் எண்ணெய் நீக்கிக் கழுவிய பிறகே வருவதால் அந்தக் குணத்துக்கு அங்கே வேலை இல்லை. இயற்கை ரப்பரோ வந்து மோதும் துகளின் வேகத்தை வாங்கிக்கொண்டு அமுங்கி, பிறகு தன் வடிவத்துக்கே திரும்பிவிடும். பிளாஸ்டிங் ஹோஸின் உட்சுவருக்கு அதைப் பயன்படுத்துவதும் அதனால்தான். கையுறை தடிமனாக இருக்க வேண்டும், வியர்வை உறிஞ்ச உள்ளே கெட்டியான காட்டன் லைனிங் வேண்டும், தோள் பக்கம் வரை நீளம் வேண்டும், கேபினெட்டின் வளையத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கும்படி வாய் அகலமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதிக் கேட்டேன். ஒப்பீட்டு அறிக்கையில் இஎன் 388 என்ற ஐரோப்பியக் கையுறைத் தரத்தின் உராய்வு எண்ணையும் சேர்த்தேன். அந்த எண் 4 என்றால், எமரித் தாளைக் கொண்டு லேசான அழுத்தத்தில் 8000 சுற்றுத் தேய்த்தும் கையுறைப் பொருள் ஓட்டை விழாமல் நின்றது என்று பொருள். தேய்ப்பது வேறு, காற்றின் வேகத்தில் துகள் பறந்து வந்து அடிப்பது வேறு என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் எழுதினேன். விலை பழையதைப் போல நான்கு மடங்கு, அதற்கு ஒப்புதல் வாங்க அலுவலகத்தில் காட்டுவதற்கு ஓர் எண் வேண்டியிருந்தது.

விபத்துக்கு மறுநாள் அந்த இடது கையுறையைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். உள்ளங்கைப் பகுதி ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. ஜெட் நேராக வந்து மோதிய இடங்களில் ரப்பர் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. கட்டைவிரலின் உள்பக்க ஓரம் மட்டும், ஆட்காட்டி விரலைப் பார்த்திருக்கும் அந்தப் பக்கம், சரிவாகத் தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு ரப்பரே இல்லாமல் போயிருந்தது. கண்ணாடி போன்ற நொறுங்கும் பொருள் நேர்க்கோணத்தில் வரும் அடிக்குத்தான் அதிகம் தேயும், ரப்பர் சாய்வாக உரசிக்கொண்டு போகும் துகளுக்குத்தான் அதிகம் தேயும். சிறிய ஜாபை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கும்போது ஜெட் கட்டைவிரலைச் சாய்வாகத்தான் உரசும். அந்த ஓரம் ஆபரேட்டரின் கண்ணாடி ஜன்னலிலிருந்து தெரியாது. அவர் பார்ப்பது விரலின் முதுகுப்புறத்தை, அதையும் கிரிட் பட்டு மங்கிய கண்ணாடி வழியாக. ரப்பர் போன இடத்தில் லைனிங் நூல் பழுப்புத் தூசி ஏறிக் கெட்டிப்பட்டிருந்தது. அது அன்றைக்குப் போன ரப்பர் அல்ல என்றே எனக்குத் தோன்றியது.

பழைய கையுறையில் ஓட்டை விழுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று இரண்டாவது ஷிஃப்ட் பையனிடம் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "காத்து குளுகுளுன்னு வெரல்ல படும் சார், அப்பவே போயிருச்சுன்னு தெரிஞ்சிரும்" என்றான். தூசியை உறிஞ்சி எடுக்கும் டஸ்ட் கலெக்டர் ஓடும்போது கேபினெட்டுக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அதனால்தான் மெஷினை ஆன் செய்ததும் கையுறைகள் இரண்டும் உள்ளே உப்பி, ஆள் இல்லாமலே கை நீட்டியது போல் நிற்கும். கையுறையில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று கைவழியாக நுழைந்து அந்த ஓட்டை வழியே கேபினெட்டுக்குள் இழுக்கப்படும், போகிற வழியில் விரல் நுனியைக் குளிரச் செய்துவிட்டுப் போகும். ஆண்டுக்கணக்காக அவர்கள் கையுறை மாற்றிவந்தது இந்தக் குளிர்ச்சியை வைத்துத்தான். நான் கேட்டு வாங்கிய கெட்டி லைனிங் அந்தக் காற்றை விரலுக்குப் போகவிடாமல் தடுத்திருக்கலாம்.

அப்படியானால் "வெரலு தெரியலைங்க" என்று அவர் சொன்னது எதை? ஜாபின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்பதையா, விரலுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது என்பதையா? நான் முதல் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். தடித்த கையுறை போட்ட எவரும் சொல்லும் குறைதான் அது, உண்மையிலேயே பத்து நாளில் பழகியும் விடும். அந்த அர்த்தத்தில் பார்த்தால் என் பதில் தவறில்லை. இரண்டாவது அர்த்தம் என்றால் அதைப் பழகச் சொன்னதுதான் ஆகப் பெரிய தவறு.

பழைய கையுறை பாதுகாப்பானதாக இருந்தது என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குத் தெரிந்து இரண்டு முறை பிவிசி கையுறை போட்டவர்களுக்குத் தோல் சிராய்த்திருக்கிறது. ஓட்டை தெரிந்த பிறகும் டேப் சுற்றி வேலை செய்திருக்கிறார்கள், எவரும் தடுக்கவில்லை. எங்கள் ஸ்டோர்ஸ் கணக்கில் கையுறை இன்றைக்கும் காட்டன் வேஸ்ட்டோடும் எமரி ஷீட்டோடும் ஒரே தலைப்பில்தான் இருக்கிறது. தூசியைப் பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. மணல் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. பேச்சில் இன்னும் மணல் அடிப்பது என்று சொன்னாலும் கேபினெட்டில் மணலைப் போடுவதை நாங்கள் என்றோ விட்டுவிட்டோம். நுரையீரலுக்குக் கிடைத்த அந்தக் கவனம் விரலுக்குக் கிடைக்கவில்லை.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. கெட்டிக் கையுறை வாங்கிய அன்றே, இத்தனை வாரத்தில் மாற்றியாக வேண்டும் என்று ஒரு தேதி குறித்திருக்கலாம். குறிக்கவில்லை. நான்கு மடங்கு விலையை நியாயப்படுத்த நான் சொன்ன ஒரே வாதம் ஆயுள். மூன்று வாரத்தில் நன்றாக இருக்கும் கையுறையையும் தூக்கிப்போட வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருந்தால் அந்த வாதம் அங்கேயே விழுந்திருக்கும், பிவிசியே தொடர்ந்திருக்கும். அதனால் ஓட்டை விழும்வரை ஓடும் என்பதை நானும் மனதுக்குள் ஒப்புக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது லைனிங் மெல்லியதாக உள்ள இயற்கை ரப்பர் கையுறை வாங்குகிறோம். ஒரு திங்கட்கிழமை விட்டு மறு திங்கட்கிழமை இடது கையுறை மாற்றப்படும், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. அதிகமாக வரும் இரண்டு ஜாபுகளுக்கு ஆணி வைத்த சுழல்தட்டு செய்துகொடுத்தோம், அவற்றைக் கையில் பிடிக்க வேண்டியதில்லை. மற்றவை பத்தும் இருபதுமாக வருபவை. ஒவ்வொன்றுக்கும் ஃபிக்ஸ்சர் செய்ய முடியாது என்று நானே சொல்லியிருக்கிறேன். அவை இன்றும் இரண்டு விரலுக்கு நடுவில்தான் இருக்கின்றன.

அவர் ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஒரு நாள் டீ நேரத்தில், அன்றைக்கு என்ன நினைத்து அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேவிட்டேன். "என்னங்க தம்பி சொன்னேன்? எனக்கு நெனப்பில்லீங்களே" என்றார். உண்மையிலேயே மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா என்று முகத்தில் தெரியவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த கட்டைவிரலில், நகத்துக்குக் கீழே, எடுக்க முடியாமல் தங்கிவிட்ட மூன்று பழுப்புப் புள்ளிகள் இருந்தன.

போன வாரம் எல்லோரும் போன பிறகு, மீதமிருந்த கெட்டிக் கையுறை ஒன்றை எடுத்து, கட்டைவிரல் ஓரத்தில் லைனிங்கைத் தொடாமல் ரப்பரை மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு வெட்டி, கேபினெட்டில் மாட்டினேன். டஸ்ட் கலெக்டரை ஓடவிட்டு, கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். குளிர்ச்சி இருந்தது போலத்தான் இருந்தது, மிக லேசாக. ஆனால் ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும்.