ஆறிப்போன காபி

புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஒரு செயின் காபிக்கடையில பாரிஸ்டாவா, அதாவது காபி போடுற ஆளா, சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. இன்னைக்கு ஒரு பெரியவர், "தம்பி, ஸ்ட்ராங்கா ஒரு ஃபில்டர் காபி"ன்னார். "இங்க எஸ்பிரெசோதான் ஐயா"ன்னேன். எஸ்பிரெசோன்னா மெஷின்ல 18 கிராம் தூள், 9 பார் அழுத்தத்துல வெந்நீர், அரை நிமிஷத்துக்குள்ள இறங்கிடும். வீட்டு ஃபில்டர்ல டிகாஷன் சொட்டுச் சொட்டா இறங்கக் கால் மணியாவது ஆகும், சிக்கரி வேற.

எஸ்பிரெசோவை ஒரு வாய் குடிச்சவர் முகம் வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி ஆயிடுச்சு. சரின்னு பால் கலந்து குடுத்தேன். 65 டிகிரிக்கு மேல போனா பாலோட இனிப்பு போயிடும்னு எங்களுக்குப் பயிற்சி. அவரோ, "ஆறிப்போனதைத் தர்றியேப்பா"ன்னுட்டார். நியாயம்தான். நாக்கு சுடலன்னா எங்கம்மாவும் அதைக் காபின்னு ஒத்துக்க மாட்டாங்க.

ஷிஃப்ட் முடிஞ்சு கடற்கரைச் சாலையில உக்காந்திருக்கேன். கால் விண்விண்ணுங்குது. கையில சுக்கு காபி.