ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

நியூ ஜெர்சி எடிசனில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்டில் மட்டும் இந்தக் கோடையில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் புதிதாக வந்திருக்கின்றன. மூன்று வீட்டிலும் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள். போன வாரம் கீழே துணி துவைக்கும் அறையில் ஒருவர் கேட்டார்: "பேக் டு ஸ்கூல் நைட்னு ஸ்கூல்ல இருந்து மெயில் வந்திருக்கு, பெற்றோர் மட்டும்தான் வரணுமாம். பிள்ளையே இல்லாம நாம மட்டும் போய் என்ன செய்யறது?" பள்ளி தொடங்கியதும் ஆசிரியர் பெற்றோரைக் கூப்பிட்டு அந்த வருடப் பாடங்களைப் பற்றிச் சொல்லும் மாலைதான் அது. போன வருடம் நானும் இதையே நினைத்துத்தான் போகாமல் இருந்தேன். அதனால் வந்த கஷ்டத்தை அவரிடம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு மெஷினும் ஓடி நின்றுவிட்டன. மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பையன் முதல் வகுப்பில் சேர்ந்தான், இப்போது மூன்றாம் வகுப்பு. சேர்க்கை சுலபமாகவே முடிந்தது. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், தடுப்பூசி விவரம், பிறந்த சான்றிதழ், அவ்வளவுதான், அரசுப் பள்ளி என்பதால் கட்டணமும் இல்லை. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். "ஆங்கிலம்னு எழுதிடுங்க, இல்லன்னா தனி வகுப்புல போட்டுடுவாங்க" என்று தெரிந்தவர்கள் சிலர் சொன்னார்கள். நான் தமிழ் என்றே எழுதினேன். ஒரு பரீட்சை வைத்தார்கள், தினமும் கொஞ்ச நேரம் ஆங்கிலத்துக்குத் தனியாகக் கூட்டிப் போனார்கள், அது அவனுக்கு நல்லதாகத்தான் முடிந்தது. நீங்களும் உண்மையையே எழுதுங்கள்.

கணக்கில் அவன் முதலில் தடுமாறியது காசில். நம் ஊர் நாணயத்தில் 1, 2, 5, 10 என்று எண் பெரிதாகப் போட்டிருக்கும். இங்கே சில்லறைக் காசு எதிலும் மதிப்பு எண்ணாக இருக்காது, எல்லாம் எழுத்தில்தான். டைம் என்பது பத்து சென்ட், ஆனால் ஐந்து சென்ட் நிக்கலைவிடச் சிறியது, ஒரு சென்ட் பென்னியைவிடவும் சிறியது. சிறியது குறைந்த காசு என்று நினைக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு குழப்பம் என்று யோசித்துப் பாருங்கள். ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் மீதிச் சில்லறையை அவனிடமே கொடுத்து எண்ணச் சொன்னேன். ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டான்.

பிரச்சினை வந்தது இரண்டாம் வகுப்பில், டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் இரவு. ஹோம்வொர்க்கில் 52 கழித்தல் 27. பையன் ஒரு கோடு போட்டு, அதன் மேல் தவளை தாவுகிற மாதிரி வளைவுகள் வரைந்துகொண்டிருந்தான். எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, "இரண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு, பன்னிரண்டுல ஏழு போனா அஞ்சு, நாலுல ரெண்டு போனா ரெண்டு, இருபத்தஞ்சு" என்று நான் படித்த மாதிரியே எழுத வைத்தேன். "டீச்சர் இப்படிச் சொல்லலம்மா" என்று அழுதான். "விடை சரியா இருக்குல்ல, எழுது" என்று அதட்டினேன். மறுநாள் தாள் திரும்பி வந்தது. விடை சரி, ஆனால் நீ எப்படி யோசித்தாய் என்று காட்டு என்று பக்கத்தில் எழுதி, பாதி மதிப்பெண்தான் போட்டிருந்தது. எனக்குக் கோபமான கோபம். சரியான விடைக்குப் பாதி மதிப்பெண்ணா?

அந்தக் குளிர்காலம் முழுவதும் இரவு ஏழு மணியானாலே வீட்டில் சண்டைதான். பள்ளியில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை, நடுவில் பிள்ளை. அவன் கணக்கு நோட்டைத் திறக்கவே பயப்பட ஆரம்பித்துவிட்டான் என்பதை நான் கவனிக்க நாளாகிவிட்டது. ஒரு நாள் "கடன்னா யாருகிட்ட வாங்கினேம்மா? எப்பத் திருப்பிக் கொடுக்கணும்?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வருவது ஒரு பத்து, அதைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்குகிறோம் என்று எனக்கே யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இரண்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு ஒன்று போட வேண்டும் என்று மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரியில் பள்ளியில் குடும்பங்களுக்கான கணக்கு இரவு என்று ஒன்று வைத்தார்கள். இதற்கு மட்டும் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைக்கு மேசை பகடை, சீட்டு, பத்துப் பத்தாகச் சேர்த்த கட்டைகள். ஆசிரியர் பெற்றோர்களையே உட்காரவைத்து ஒரு கணக்குப் போடச் சொன்னார். வெறும் கோடு. ஒரு முனையில் 27, மறு முனையில் 52. இருபத்தேழிலிருந்து மூன்று தாவினால் முப்பது. இருபது தாவினால் ஐம்பது. இன்னும் இரண்டு. தாவியதையெல்லாம் கூட்டினால் இருபத்தைந்து.

எனக்கு அப்பா கடை ஞாபகம் வந்துவிட்டது. விருதுநகரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அப்பா நாற்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். இருபத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கி ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்தால், அப்பா தாளில் கழித்துப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. "இருபத்தேழு" என்று சொல்லிக்கொண்டே மூன்று ரூபாய்ச் சில்லறையைக் கையில் வைப்பார், "முப்பது", அப்புறம் ஒரு இருபது ரூபாய் நோட்டு, "ஐம்பது, சரியா?" அவ்வளவுதான். என் பையன் வரைந்த தவளைத் தாவல் இதேதான். நான் ரப்பரால் அழித்தது என் அப்பாவின் கணக்கை.

கூட்டம் முடிந்ததும் ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். இந்த வருடம் என்னென்ன முறைகள் வரும், வீட்டில் எப்படிக் கேட்க வேண்டும் என்று படத்தோடு ஒரு பக்கம். செப்டம்பரில், நான் போகாத அந்த இரவில், எல்லாருக்கும் கொடுத்த தாள். அந்தக் குளிர்கால அழுகையைத் தவிர்க்க அந்த ஒரு பக்கம் போதுமானதாக இருந்திருக்கும்.

நம் பழைய முறையை இங்கே ஒதுக்கிவிடவில்லை. அது எப்போது வரும் என்பதுதான் வித்தியாசம். இரண்டாம் வகுப்பில் நூறுக்குள் கூட்டல் கழித்தலை இடமதிப்பு புரிந்து பல வழிகளில் செய்யப் பழக்குகிறார்கள். ஓரிலக்க எண்களின் கூட்டல் அந்த வருடக் கடைசிக்குள் மனப்பாடமாகிவிட வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒன்பதாம் வாய்ப்பாடு வரை மனதில் இருக்க வேண்டும், ஆகவே "இங்க வாய்ப்பாடே கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் செய்கிற, ஒன்றன் கீழ் ஒன்று எழுதிக் கூட்டுவதும் கழிப்பதும் நான்காம் வகுப்பில் வரும். அதே பாணியில் பெருக்கல் ஐந்தில், நீண்ட வகுத்தல் ஆறில். அதற்கு முன்னால் 23ஐ 14ஆல் பெருக்க ஒரு பெட்டி வரைந்து நாலாகப் பிரிப்பார்கள்: 20×10=200, 20×4=80, 3×10=30, 3×4=12. கூட்டினால் 322. நாம் இரண்டு வரியில் எழுதுவதன் உள்ளே இருப்பதும் இந்த நாலு துண்டுகள்தான், இப்படிப் பிரித்துக் காட்டிய பிறகுதான் எனக்கே புரிந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து வசந்த காலத்தில் மாநிலத் தேர்வும் உண்டு. அதிலும் எப்படி யோசித்தாய் என்று எழுதச் சொல்லும் கேள்விகள் வரும். அந்தப் பாதி மதிப்பெண்ணின் காரணம் இப்போது தெரிகிறது, ஆனாலும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் இதமாக எழுதியிருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அன்று ஆசிரியர் சொன்ன இன்னொன்றை எல்லாத் தமிழ்ப் பெற்றோருக்கும் சொல்ல ஆசை. "வீட்டில் கணக்கை உங்கள் மொழியிலேயே பேசுங்கள், புரிந்தது எந்த மொழியில் இருந்தாலும் இங்கே கூடவே வரும்" என்றார். அதுவரை கணக்கை மட்டும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று நானாகவே ஒரு சட்டம் வைத்திருந்தேன். யோசித்தால் தமிழ் எண்கள் பிள்ளைக்கு எவ்வளவு உதவி! லெவன் என்பதில் பத்து எங்கே இருக்கிறது என்று தெரியாது. பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும். ஃபோர்ட்டீன், ஃபார்ட்டி இரண்டும் காதுக்கு ஒன்று போலவே விழும், பதினான்கும் நாற்பதும் அப்படியில்லை. தொண்ணூறு மட்டும்தான் அவனுக்குச் சிக்கல், "ஏன் ஒன்பதுபதுன்னு சொல்லலை?" என்று கேட்டான், நியாயமான கேள்விதான். வாக்கியக் கணக்குகளில் அவன் தப்பு விட்டதும் கணக்கால் இல்லை, ஹவ் மெனி ஃப்யூவர் என்பது புரியாததால். "எத்தனை குறைவு?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுகிறான்.

அப்புறம் ஒரு பழக்கம் வந்தது. இங்கே இரவு, அங்கே காலை, அப்பா கடை திறக்கும் நேரத்தில் வீடியோ காலில் பேரன் வாடிக்கையாளர் ஆகிவிடுவான். "தாத்தா, சாமான் முப்பத்தெட்டு ரூபாய், இந்தாங்க நூறு." தாத்தா "முப்பத்தெட்டு, நாப்பது, நூறு" என்று எண்ணுவார், இவன் "அறுபத்திரண்டு" என்று கத்துவான். இந்த வருடம் பின்னம் வரப்போகிறது என்று சொன்னதும் அப்பாவுக்கு ஒரே உற்சாகம். அவர் அப்பா காலத்தில் அரைக்கால் படி எண்ணெய் என்று கேட்டு வாங்குவார்களாம். அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. அதில் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று. அரைக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே கணக்கு இருப்பதைப் பார்த்து பையன் தாளை மடித்து மடித்துச் சரிபார்த்தான்.

சரி, பேக் டு ஸ்கூல் நைட்டுக்குப் போகிறவர்களுக்கு. உங்கள் பிள்ளையின் நாற்காலியில்தான் உட்காரச் சொல்வார்கள். நேரம் குறைவு, ஆசிரியர் பொதுவாகத்தான் பேசுவார், உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை அங்கே எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், தனியாகச் சந்திக்க வேறு நாள் கொடுப்பார்கள். கணக்குக்கு என்ன பாடத்திட்டம் என்று கேளுங்கள், பெற்றோருக்கான விளக்கப் பக்கம் இருக்கிறதா, இணையத்தில் எப்படி உள்ளே போவது என்று கேளுங்கள். ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் பிள்ளை வேறு மாதிரி கணக்குப் போட்டால் ரப்பரை எடுக்கும் முன்னால் "எப்படிச் செஞ்ச, எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். முதல் மாதமே பயந்து டியூஷனில் சேர்க்க வேண்டாம்.

எங்கள் பள்ளியில் வருகிற வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு. பிள்ளைகளை என் கணவர் எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆறே முக்காலுக்கு நான் கீழே வாசலில் நிற்கிறேன், சேர்ந்தே போகலாம்.