சாயத் தண்ணீரும் தென்னை நார்க்கழிவும்

கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்கள் வாழ்ந்த வண்ணாரப்பேட்டையில்தான் நான் குடியிருக்கிறேன். கொருக்குப்பேட்டைப் பக்கம் பக்கிங்காம் கால்வாயைக் கடப்பவர்களுக்கு, சாக்கடையோடு கலந்துவிட்ட ஒன்றை மீண்டும் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே, சாயம் பட்டறைத் தொட்டியில் இருக்கும்போதே, விலை குறைந்த தாவரப் பொருள்களைக் கொண்டு அதைப் பிடித்து நிறுத்த முடியுமா என்ற கேள்வியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். முடியும். ஆனால் எந்தச் சாயம் என்று கேட்காமல் அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது.

தென்னை நார்க்கழிவு, உமி, மரத்தூள், வேப்பிலைப் பொடி ஆகியவற்றின் மேற்பரப்பு தண்ணீரில் பெரும்பாலும் எதிர்மின் தன்மை கொண்டிருக்கும். மெத்திலின் நீலம் போன்ற, ‘பேசிக்’ (basic) எனப்படும் வகைச் சாயங்கள் நேர்மின் தன்மை கொண்டவை என்பதால் அங்கே எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. வீட்டில் இதைச் செய்து பார்ப்பவர்கள் முதலில் நார்க்கழிவைப் பலமுறை அலச வேண்டும். இல்லாவிட்டால் அதிலிருந்தே காப்பி நிறத்தில் சாறு இறங்கி, தெளிய வேண்டிய தண்ணீரை மேலும் கலங்கடிக்கும். அலசிக் காயவைத்த தூளை நீலத் தண்ணீரில் இட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால், தண்ணீர் வெளுக்க வெளுக்கத் தூள் கறுத்துக்கொண்டு வருவதைக் கண்ணால் காணலாம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் நார்க்கழிவையும் அதிலிருந்து செய்த கரியையும் கொண்டு இத்தகைய ஆய்வுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்துள்ளன.

பருத்தித் துணிக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களின் கதை வேறு. அவை எதிர்மின் தன்மை உடையவை. அதிலும் சாயமேற்றும் தொட்டியில் காரம் சேர்ப்பதால் நார்க்கழிவின் எதிர்மின் தன்மையும் கூடி ஒன்றையொன்று விலக்கும் என்பதால், வெறும் நார்க்கழிவு அவற்றை ஏறக்குறைய தொடுவதே இல்லை. தண்ணீரை அமிலமாக்கினால் ஓரளவு பிடிக்கும். இவ்வகைச் சாயங்களுக்கு முருங்கை விதை நன்றாக உதவும். அதன் பருப்பில் உள்ள புரதம் நேர்மின் தன்மை கொண்டது. தோல் நீக்கிய பருப்பை அரைத்து, உப்புத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேர்த்தால், சாயத்தோடு சேர்ந்து திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். கிணற்றுத் தண்ணீரைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டையை உரைத்துப் போட்ட நம் முன்னோருக்கு, விதையால் நீர் தெளியும் என்பது புதிய செய்தி அல்ல.

ஆயினும், நிறம் போனால் வேலை முடிந்தது என்று எழுதுபவர்களோடு நான் உடன்படவில்லை. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏறுவதற்காகக் கொட்டப்படும் உப்பு, தெளிந்த தண்ணீரிலும் அப்படியே இருக்கும். 2011ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதற்குப் பின்னால் நொய்யல் ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த அந்த உப்பும் இருந்தது. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. (தண்ணீரைச் சவ்வின் வழியே அழுத்தி வடிகட்டும் முறை) தேவை, தாவரப் பொருள்கள் அதற்கு முந்தைய படியாக நின்று சுமையைக் குறைக்கலாம், அவ்வளவே.

சாயம் ஏறிய தூளைச் செடித்தொட்டியில் போடலாம் என்று சிலர் கூறுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உப்போ அமிலமோ பட்டால், பிடிபட்ட சாயம் மீண்டும் தண்ணீரில் இறங்கக்கூடும். பட்டறைகள் அதை உலர்த்தி, மூட்டையாகக் கட்டி, மற்றக் கசடுகளோடு சேர்த்து, கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளுக்கென உள்ள மையத்துக்கு முறையாக அனுப்பிவைக்க வேண்டும். அதற்கான செலவையும் இந்த முறையின் விலையில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.