வெளியே வந்தவர்களின் கணக்கு

தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கும் அதிகாரி முதலில் கேட்பது, "உள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்பதைத்தான். பல தளங்கள் கொண்ட அலுவலகக் கட்டடங்களில் பாதுகாப்புப் பொறுப்பை நெடுங்காலம் வகித்தவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு உறுதியான விடை தருவதே எங்கள் பணியின் மிகக் கடினமான பகுதி என்று கருதுகிறேன். "தெரியவில்லை" என்று சொன்னால், ஒருவேளை யாருமே இல்லாத தளங்களில் தேடுவதற்காக வீரர்கள் புகைக்குள் நுழைய நேரிடும். "எல்லோரும் வந்துவிட்டார்கள்" என்று சரிபார்க்காமல் சொல்லிவிட்டால், உள்ளே சிக்கியிருப்பவருக்கு உரிய நிமிடங்கள் வேறெங்கோ செலவாகிவிடும்.

பெரும்பாலான நிறுவனங்கள் இதற்கு வருகைப் பதிவேட்டையே நம்பியிருக்கின்றன. அது சம்பளக் கணக்குக்காக உருவானது. ஒருவர் இன்று வேலைக்கு வந்தாரா என்பதை அது சொல்லுமே தவிர, இந்த நிமிடம் அவர் கட்டடத்துக்குள் இருக்கிறாரா என்பதைச் சொல்லாது. அடையாள அட்டையைக் காட்டித் திறக்கும் கதவுகள் இருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால், தீ எச்சரிக்கை மணி ஒலித்ததும் அந்தக் கதவுகளின் பூட்டு தானாக விடுபட வேண்டும் என்பதே பாதுகாப்பு ஏற்பாடு. ஆகவே, வெளியேறுபவர்கள் யாருடைய பெயரும் அப்போது பதிவாவதில்லை. முன்னே செல்பவர் திறந்த கதவில் பின்னாலேயே நுழைந்தவரையும் அது அறியாது. எனவே அந்தப் பதிவை ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாமே ஒழிய, அதையே விடையாகக் கொள்ள முடியாது.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் மின்விநியோகப் பலகை ஒன்று எரிந்து, ஒரு தளம் முழுவதும் புகை பரவியது. எல்லோரும் ஒழுங்காகவே படியிறங்கி, முன்புறம் இருந்த கூடுமிடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிரிவுத் தலைவர் ஒருவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தம் பிரிவில் அனைவரும் வந்துவிட்டதாகச் சொன்னார். பெயர் பெயராக வாசித்தபோது ஒருவரிடமிருந்து பதில் வரவில்லை. பின்புறப் படிக்கட்டு வழியாக இறங்கிய அவர், அந்தப் பக்கம் வேறு பிரிவினருடன் நின்றுகொண்டிருந்தார் என்பதை அறிந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அதே வேளையில், வரவேற்பறையில் பணியாற்றிய பெண் பார்வையாளர் பதிவேட்டைக் கையோடு எடுத்து வந்திருந்தார். "சார், ஏசி பழுது பார்க்க வந்தவர் மொட்டைமாடிக்குப் போனார். திரும்பிப் போனதாகக் கையெழுத்து இல்லை" என்றார். எந்தப் பிரிவின் பட்டியலிலும் இல்லாத மனிதர் அவர். அவரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களின் இரைச்சலில் எச்சரிக்கை மணி அவருக்குக் கேட்கவே இல்லை. புகை சேராத படிக்கட்டு எது என்பதையும் நாங்கள் சொல்ல முடிந்ததால், வீரர்கள் நேராக மேலே சென்று அவரை அழைத்து வந்தார்கள். அந்தப் பெண்ணின் சமயோசிதத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

தலைகளை எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு என்பதற்கு இதுவே காரணம். வெளியே இத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற எண், உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால் மட்டுமே பொருள் தரும். அது தெரிந்தாலும், விடுபட்டவர் யார், கடைசியாக எங்கே காணப்பட்டார் என்பதை எண் சொல்லாது. ஆகையால் இரண்டு தனித்தனித் தகவல்கள் ஒரே ஆளிடம் வந்து சேர வேண்டும். தளப் பொறுப்பாளர் இறங்கி வரும்போதே கழிப்பறை, கூட்ட அறை, சர்வர் அறை, பொருட்கிடங்கு ஆகியவற்றைத் தமக்கு ஆபத்தில்லாத அளவில் பார்த்துவிட்டு, எவற்றைப் பார்த்தேன், புகையால் எவற்றைப் பார்க்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். பிரிவுத் தலைவர் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பிரிவில் யாரும் விடுபடவில்லை என்றாலும், அதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். பதில் வராத பிரிவைச் சரியாக இருக்கும் பிரிவாக எடுத்துக்கொள்ளவே கூடாது. படியிறங்க இயலாதவர்கள் புகை புகாத காப்பிடத்தில் யாருடன் காத்திருக்கிறார்கள் என்பது இவை அனைத்துக்கும் முன்பாக அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டிய செய்தி.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் உயிரிழந்தார்கள். எட்டாம் தளத்தில் பிடித்த தீயைப் பற்றிப் பத்தாம் தளத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். இடையில் இருந்த ஒன்பதாம் தளத்துக்கு உரிய நேரத்தில் செய்தி போகவில்லை. அங்கேதான் ஒரு கதவு பூட்டியும் கிடந்தது. இறந்தவர்களில் கடைசி ஆறு பேரின் பெயர்கள் உறுதியாவதற்கு 2011 வரை, ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இன்று அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிகளின்படி, அவசரகாலத் திட்டத்தில் வெளியேற்றத்துக்குப் பின் ஊழியர்கள் அனைவரையும் கணக்கெடுக்கும் முறையும் இடம்பெற வேண்டும். அந்த ஒற்றை வரியை விதிப் புத்தகத்தில் படிக்கும்போதெல்லாம், பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களே என் நினைவுக்கு வருகிறார்கள்.

ஒத்திகைகளில் பெரும்பாலும், கட்டடம் எவ்வளவு விரைவில் காலியானது என்பதை மட்டுமே குறித்துக்கொள்கிறார்கள். நான் வேறொன்றையும் அளக்கத் தொடங்கினேன். முன்கூட்டியே சொல்லிவைத்து ஒருவரை ஓர் அறையில் இருக்கச் செய்துவிட்டு, அவர் இல்லை என்பதைக் கூடுமிடத்தில் இருப்பவர்கள் எவ்வளவு நேரத்தில், எவர் வாயிலாகக் கண்டறிகிறார்கள் என்று பார்ப்பேன். நிரந்தர ஊழியர் என்றால் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். துப்புரவுப் பணியாளரையோ முந்தைய நாள் சேர்ந்த பயிற்சியாளரையோ இருத்தினால் நேரம் நீளும். சில முறை எவரும் கேட்டதே இல்லை. அதன் பின்னரே ஒப்பந்தப் பணியாளர்களின் பெயர்களும் அந்தந்தத் தளத்தின் பட்டியலில் ஏறின. இரவு ஷிஃப்டுக்குத் தனிப் பட்டியலும் தனிப் பொறுப்பாளரும் வந்தார்கள்.