ஆயிரம் கஜமும் ஒரு மீட்டரும்

பிப்ரவரி 2

பழைய பாணிக் கருமருந்துத் துப்பாக்கியில் இலக்குச் சுடும் பயிற்சி, 200 கஜம். 65 கிரெய்ன் (சுமார் 4 கிராம்) கருமருந்து, 530 கிரெய்ன் (சுமார் 34 கிராம்) குண்டு. பத்தில் எட்டு ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன. மற்ற இரண்டு வெளியே போனது விசை விழுந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. அந்த இரண்டு முறையும் குழல்முனையில் இருக்கும் முன்குறி வளையத்துக்கு இரண்டு விளிம்பு இருந்தது.

பிப்ரவரி 5

காற்றில் ஈரம். குழலில் படியும் கசடை ஈரமாக்க ஊதுகுழலில் மூன்று மூச்சே போதுமானதாக இருந்தது. குழல்வாயில், குண்டில் பூசிய மெழுகு நட்சத்திரம்போல அழகாகப் படிந்திருந்தது.

பிப்ரவரி 9

இன்று நேர் எதிர். வறண்ட காற்று, உதடு வெடிக்கும் அளவுக்கு. நான்காவது குண்டிலிருந்து எல்லாம் மேலே ஏறிப் போயின, ஏழாவது குண்டு பலகையையே தொடவில்லை.

கசடுதான். இந்த மருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். எரிந்த பிறகு பாதிக்கும் மேல் திடப்பொருளாகக் குழலிலும் புகையிலும் நிற்கிறது. புதுக்கால மருந்தில் சுடுகிறவர்களுக்கு இது புரியவே புரியாது. அவர்களுக்கு ஒவ்வொரு குண்டும் தனிக் குண்டு. நமக்கு ஒவ்வொரு குண்டும் முந்தைய குண்டு போட்டு வைத்த பாதையில்தான் போகிறது. பாதை மெத்தென்று இருந்தால் பத்தும் ஒன்றுபோலப் போகும். ஓடுபோல இறுகிவிட்டால் மென்மையான ஈயம் உரசி, கிழிந்து, வெளியே வரும்போது அது வேறு குண்டு.

காலித் தோட்டாவில் குழாய் செருகிய அந்த ஊதுகுழலில் ஆறு மூச்சு, எட்டு மூச்சு என்று கூட்டிப் பார்த்தேன். பயனில்லை. அப்புறம் ஊதுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஈரத்துணி ஒன்று, உலர்துணி ஒன்று என்று துடைத்தேன். சரியாகிவிட்டது. மேலே ஏறுவது நின்றது.

ஆனால் வளையத்தின் இரண்டு விளிம்பு நிற்கவில்லை. அதைத் துடைக்கத் துணி இல்லை.

பிப்ரவரி 13

வலது கண். புரைதான். இடதில் இப்போதைக்கு ஆரம்பம் மட்டும்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உள்ளே வைக்கும் லென்ஸ் ஒரே ஒரு தூரத்துக்குத்தான் கூர்மையாகக் காட்டும். மற்ற தூரத்துக்கெல்லாம் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். "தூரத்துக்கு வைக்கலாமா, கிட்டத்துக்கா? யோசித்துச் சொல்லுங்கள்."

பிப்ரவரி 14

தூரமா, கிட்டவா.

பிப்ரவரி 18

ஈயம் காய்ச்சினேன். இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். அறுபது குண்டு வார்த்ததில் நாற்பத்தொன்று தேறின.

முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இன்று விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், குண்டின் மேல் பனிமூட்டம். கண்ணை மூடிக்கொண்டு அடிவிளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினேன். சின்னப் பள்ளம்கூட நகத்தில் தட்டியது. குண்டின் மூக்கில் குறை இருந்தால் அது மன்னிக்கும், அடியில் இருந்தால் மன்னிக்காது. குழலை விட்டுக் கடைசியாக வெளியேறும் பகுதி அதுதானே. ஒரு பக்கம் வாயு முந்திக் கசிந்தால் குண்டு தலை சாய்த்துத்தான் புறப்படும்.

நகம் பொய் சொல்லவில்லை. இன்று முழுவதும் இந்த ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

பிப்ரவரி 23

1000 கஜம். மூன்று மாதத்துக்குப் பிறகு.

காலை ஏழு மணிக்குக் கானல் இல்லை. கொடிகள் துவண்டு கிடந்தன. அண்ணன் தொலைநோக்கியில் உட்கார்ந்தார். நான் குப்புறப் படுத்து, குறுக்குக் கோல்மேல் குழலை வைத்தேன். பின்குறி ஏணியை வெர்னியர் பார்த்து உயர்த்தினேன். அந்தக் கோடுகளைப் படிக்க உருப்பெருக்கி தேவைப்பட்டது. போன வருடம் தேவைப்படவில்லை.

இந்தத் தூரத்துக்குக் குண்டு போய்ச்சேர மூன்று நொடிக்கும் கொஞ்சம் கூடுதலாகும். பாதிவழியில் அது நம் பார்வைக்கோட்டுக்கு 40 அடி மேலே போய்க்கொண்டிருக்கும். புகை கலைந்து, துப்பாக்கியிலிருந்து தலையைத் தூக்கி, ஒரு முழு மூச்சு விட்ட பிறகும் அது இன்னும் போய்ச்சேர்ந்திருக்காது. எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்தது அந்த மூன்று நொடிதான். செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, திரும்ப வாங்க முடியாது, பதிலும் இன்னும் வரவில்லை.

ஏழு குண்டும் பலகையின் நடுக் கருப்பு வட்டத்துக்குள். 44 அங்குலக் கருப்பு, இங்கிருந்து பார்த்தால் வளையத்துக்குள் ஒரு கடுகு.

எட்டாவதற்கு முன் குழலைத் துடைத்துவிட்டு மறுபடி படுத்தேன். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. பார்வை முழுக்கப் பால்போல ஒரு வெளுப்பு. பலகை எண்கள் தெரியவில்லை. கருப்பு ஒன்று கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் மங்கலாக. புரை காட்டும் இரட்டை என்று அதைத் தள்ளிவிட்டேன். விசை மிகச் சுத்தமாக விழுந்தது.

மூன்று நொடி. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

"உன் பலகையில் இல்லையே" என்றார். கொஞ்சம் கழித்து, மெதுவாக, "பக்கத்தில் இருக்கிறது. நடு மையத்தில்."

நான் தள்ளிவிட்ட மங்கல்தான் என் பலகை.

பிப்ரவரி 24

தூக்கம் இல்லை. மில்னரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1874 செப்டம்பர் 26, நியூயார்க் லாங் ஐலண்டின் க்ரீட்மோர் மைதானம், அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் துப்பாக்கிப் போட்டி. அயர்லாந்து அணியிடம் ரிக்பி செய்த, வாய்வழியே மருந்து நிரப்பும் துப்பாக்கிகள். அமெரிக்க அணியிடம் பின்பக்கம் திறக்கும் ஷார்ப்ஸும் ரெமிங்டனும். அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கஜம், ஒவ்வொரு தூரத்திலும் ஆளுக்கு 15 குண்டு. கடைசியில் அமெரிக்கா 934, அயர்லாந்து 931.

அந்த நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கர்னல் போடைனைத்தான் சொல்வார்கள். இஞ்சி பீர் புட்டி உடைந்து கை கிழிந்த நிலையில் கடைசிக் குண்டுக்குப் படுத்து, நடுவில் அடித்து வெற்றியை வாங்கிக் கொடுத்தவர். பெரிய மனிதர்தான். ஆனால் அயர்லாந்துக்கு அந்தப் போட்டி 900 கஜத்திலேயே கைநழுவிவிட்டது. அயர்லாந்தின் மில்னர் அங்கே அச்சு அசலாக மையத்தில் அடித்தார், வேறொரு பலகையின் மையத்தில். சரியான பலகையாக இருந்திருந்தால் நான்கு புள்ளி. தோற்றது மூன்று புள்ளியில்.

அந்தக் குண்டை விட்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நேற்றுவரை தெரியாது. நன்றாக இருந்திருக்கும். அதுதான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 27

துப்பாக்கியைத் தொடவில்லை.

மார்ச் 3

கேள்வியை இவ்வளவு நாள் தப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆயிரம் கஜத்தில் சுடுகிறவன் தூரத்துப் பார்வையைத்தான் கேட்பான் என்று யாரும் நினைப்பார்கள். மகளும் அப்படித்தான் சொன்னாள், "உங்களுக்கு என்ன யோசனை, தூரம்தானே அப்பா." இல்லை. என் கண் கூர்மையாக நிற்க வேண்டிய இடம் முன்குறி வளையம். கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். இலக்கு மங்கலாக இருக்கலாம், வட்டமாக மட்டும் இருந்தால் போதும். மங்கலான வட்டத்துக்கும் மையம் உண்டு. வளையம் மங்கினால் எல்லாம் போயிற்று.

அப்படியென்றால் ஒரு மீட்டருக்கே லென்ஸ் வைத்துக்கொள்ளலாமா? படிக்கவும் முடியாது, தெருவும் தெரியாது. ஒரு துப்பாக்கிக்காக மீதி வாழ்க்கை முழுவதும் ஒரு மீட்டரில் நிற்பதா? இரவு பத்து மணிக்கு அது நியாயமாகவே தோன்றியது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 4

இடது தோளில் வைத்துப் பார்த்தேன். பின்குறி கட்டையின் நடுவில்தான் இருக்கிறது, ஆகவே முடியும். ஆனால் சுத்தியல் வலப்பக்கம், நெம்புகோலும் வலது கைக்குப் பழகியது. கன்னம் கட்டையில் உட்கார மறுக்கிறது. ஐந்து குண்டோடு நிறுத்திவிட்டேன்.

மார்ச் 7

பின்குறியில் பல அளவுத் துளைகள் கொண்ட ஹாட்லி வட்டை மிகச் சிறிய துளைக்குத் திருப்பினேன். துளை சிறுக்கச் சிறுக்கக் கிட்டமும் தூரமும் ஒன்றாகக் கூர்மையாகும், கேமராவில் போலவே. வளையத்துக்கு மறுபடி ஒற்றை விளிம்பு. ஆனால் இருட்டு. புரை வெளிச்சத்தைத் தின்கிறது, மீதியைத் துளை தின்கிறது. மேகம் மூடியதும் கருப்பும் வளையமும் ஒன்றாகக் கரைந்துவிட்டன.

மார்ச் 11

டாக்டரிடம் துப்பாக்கியின் படத்தை எடுத்துப்போய்க் காட்டினேன். சிரிக்கவில்லை, கேட்டார். ஒரு மீட்டருக்கு வைக்க வேண்டாம் என்றார். லென்ஸ் தூரத்துக்கு, சுடும்போது மட்டும் +0.50 பவர் கண்ணாடி. கண்ணின் கூர்மை இரண்டு மீட்டருக்கு வந்து நிற்கும், அந்தச் சிறு துளை வளையத்தையும் இலக்கையும் இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்துக் கொடுக்கும். பல தூரம் காட்டும் லென்ஸ்களும் இருக்கின்றன, ஆனால் அவற்றில் கருப்பு வெள்ளை வேறுபாடு கொஞ்சம் குறையும், உங்களுக்கு வேண்டாம் என்று அவரே சொன்னார்.

கண்ணாடியை மாற்றலாம். உள்ளே வைத்ததை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. இவ்வளவு எளிய விஷயத்துக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

20ஆம் தேதி.

மார்ச் 15

அறுவைக்கு முன் கடைசி. 600 கஜம் மட்டும், அண்ணன் 1000 வேண்டாம் என்றார். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் பலகை எண்ணை அவர் உரக்கச் சொன்னார். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் விரல் விசைக்குப் போனது.

கானல் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை நேராகக் கொதித்தெழுந்தது. கொதித்தால் காற்று நின்றுவிட்டது, அல்லது நேர் எதிரே வருகிறது, திசை மாறப்போகிறது. காத்திருந்தேன். நான்கு நிமிடம். இந்த வேகத்தில் போகும் குண்டை மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 1000 கஜத்தில் ஒன்பது அடிபோல நகர்த்திவிடும். 600இலும் சும்மா விடாது. பழையபடி ஓடத் தொடங்கியதும் சுட்டேன்.

பத்தில் பத்தும் என் பலகையில்.

மார்ச் 19

வெந்நீரும் சோப்பும். குழல், அதன் பின்பக்கத்தை மூடும் கதவுக்கட்டை, காலித் தோட்டாக்கள் எல்லாம். எண்ணெய். உறை. நாளை.

மார்ச் 22

துடைக்கும் துணித்துண்டுகள் வெள்ளை. இத்தனை நாள் பழுப்பு என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 30

கதவுக்கட்டையின் அடியைத் துடைத்தேனா? இரவு முழுக்க இதுதான். கசடில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஒரே வாரத்தில் துரு கடித்துவிடும். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று கட்டளை. மகளைக் கூப்பிட்டு உறையைப் பிரிக்கச் சொன்னேன். நெம்புகோலை இறக்கி, விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். "எண்ணெய்தான் அப்பா." விரலைக் காட்டினாள். நகத்தின் அரைநிலாவரை தெரிந்தது.

ஏப்ரல் 8

குழலைத் தொடாமல் பின்குறியை மட்டும் கழற்றிச் சன்னலில் பிடித்தேன். வெர்னியர் கோடுகளை எண்ணினேன், படிக்கும் கண்ணாடியோடு. உருப்பெருக்கி இல்லாமல்.

ஏப்ரல் 12

இடது கண்ணையும் சேர்த்துப் பார்த்தால் உலகம் இரண்டு நிறம். அந்தப் பக்கம் இன்னும் பழுப்பு.

ஏப்ரல் 19

+0.50 வந்துவிட்டது. அனுமதியும் கிடைத்தது, முதலில் குறைவான குண்டுகள், 200 கஜம். அண்ணன் காலை ஆறரைக்கு வருகிறார். இருபது தோட்டா பெட்டியில்.

ஹாட்லி வட்டு இன்னும் மிகச் சிறிய துளையில் நின்றது. ஒரு துளை பெரிதாக்கி வைத்தேன்.