ஷாட்கன் பழகிய அனுபவம்: அறைக்குள்ளும் குறி பார்த்தே தீர வேண்டும்

வீட்டுப் பாதுகாப்புக்கு ஷாட்கன் (ஒரே தோட்டாவில் பல குண்டுகளைச் சுடும் நீளத் துப்பாக்கி) வாங்கலாம் என்று முடிவெடுத்ததும் ஆளாளுக்குச் சொன்னது ஒன்றே: "அந்தப் பக்கமாக நீட்டிச் சுட்டால் போதும், குண்டு சிதறித் தானாகப் படும்." பயிற்சியில் முதல் வேலையாக இதைத்தான் சோதித்துப் பார்த்தோம்.

ஓர் அறையின் நீளத்தில் தாளை நிறுத்தி, 12 கேஜ் (குழலின் அளவு), பெரிய குண்டுகள் கொண்ட பக்‌ஷாட் தோட்டாவைச் சுட்டேன். அதனுள்ளே தலா 8 மி.மீ.க்குச் சற்று அதிக விட்டத்தில் 9 ஈயக் குண்டுகள். ஒன்பதும் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் விழுந்திருந்தன. தாளைத் தள்ளி வைக்க வைக்க வட்டம் விரிந்தது. ஒரு கட்டத்தில் ஒன்றிரண்டு குண்டுகள் வரைந்திருந்த உருவத்துக்கு வெளியே போய்விட்டன. அப்படித் தப்பும் குண்டு யார் மீது பட்டாலும் பொறுப்பு சுட்டவருடையது. வேறு கம்பெனித் தோட்டாவைப் போட்டால் பரவலும் மாறுகிறது. எனவே வீட்டில் வைக்கப்போகும் தோட்டாவையே, அதே துப்பாக்கியில், தாளில் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் உதை, அதாவது சுட்டதும் துப்பாக்கி தோளில் பின்னோக்கி இடிப்பது. துப்பாக்கியின் பின்பக்கக் கட்டையைத் தோள் குழியில் அழுத்தி, முன்கையால் தள்ளியும் பின்கையால் இழுத்தும் பிடிக்கப் பழகியபின் பாதி குறைந்த மாதிரி இருந்தது. கட்டை நீளமாக இருந்தால் உடம்பு பின்னால் சாய்ந்துவிடும். குட்டைக் கட்டை மாற்றியதும் எனக்கு நிற்பதே எளிதானது.

அதிக நேரம் எடுத்தது பம்ப் பழக்கம், அதாவது காலித் தோட்டாவை வெளியேற்றிப் புதியதை ஏற்றக் குழலுக்கடியில் உள்ள பிடியை இழுத்துத் தள்ளுவது. கடைசிவரை பின்னால் இழுத்து, கடைசிவரை முன்னால் தள்ள வேண்டும். அரைகுறையாக இழுத்தால் காலித் தோட்டா சிக்கும், இல்லையென்றால் புதியது ஏறாமல் விசை வெறும் 'டிக்' என்று அடிக்கும். பதற்றத்தில் கை குறுகிவிடும் என்பதால், ஓடவிட்டு மூச்சிரைக்க நிற்கும்போதே போலித் தோட்டாக்களைக் கொடுத்து இயக்கச் சொன்னார்கள். இந்தப் பயிற்சியைத் தவிர்க்கவே கூடாது.

வீட்டுச் சுவர்களையும் யோசிக்க வேண்டியிருந்தது. பக்‌ஷாட் ஜிப்சம் தடுப்பைத் துளைத்து அடுத்த அறைக்குப் போய்விடும். பறவை வேட்டைக்கான பொடிக் குண்டோ, தாக்க வருபவரைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு ஆழமாக இறங்கும் என்று நம்ப முடியாது. எனவே தோட்டாவை மாற்றாமல், யார் எங்கே தூங்குகிறார்கள் என்று பார்த்துச் சுடக்கூடாத திசைகளைக் குறித்துக்கொண்டோம்.

துப்பாக்கியோடு வீட்டுக்குள் தேடிப் போவதையும் கைவிட்டோம். நீளமான குழல் கதவருகே நமக்கு முன்னால் நீட்டிக்கொண்டு தெரியும், ஒளிந்திருப்பவர் அதைப் பற்றி இழுத்துவிடலாம். கதவைத் திறக்கவும் போன் எடுக்கவும் ஒரு கை வேண்டும். எல்லோரும் ஒரே அறையில் தாழிட்டுக்கொள்வது, போலீஸுக்குப் பேசுவது, கதவைப் பார்த்தபடி இருப்பது. இதுதான் எங்கள் திட்டம். டார்ச் வெளிச்சத்தில் முகம் தெரியாமல் விசையில் விரல் வைப்பதில்லை.

பெரும்பாலான ஷாட்கன்களில் சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) விசையை மட்டுமே தடுக்கும். தோட்டா ஏற்றிய துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்புண்டு. அதனால் சேம்பரை (சுடத் தயாராகத் தோட்டா அமரும் குழலின் பின்பகுதியை) காலியாக வைத்து, பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். பெட்டியைத் திறக்கத் தெரிந்தது எனக்கும் மனைவிக்கும்தான்; அவரும் இதே பயிற்சியை முடித்திருக்கிறார்.